சம்பந்தியம்மாவின் பையன்கள்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் ஆரம்பிக்க எனக்கு இப்போதெல்லாம் வருவதில்லை. பால்காரரிடம் சொல்லிவிட்டேன். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லிவிட்டேன். தப்பான நம்பருக்கு அழைத்த ஒருவரிடமும் சொல்லிவிட்டேன், அவரும் பாவம் வாழ்த்திவிட்டுத்தான் வைத்தார். ஆனால் இது பேத்தியின் கதை அல்ல. என் மருமகளைப் பெற்றவர், அதாவது என் சம்பந்தியம்மாவின் கதை.

சம்பந்தியம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மடித்த படுக்கை விரிப்புகளை அடுக்கினால் எங்கள் தெருவில் வெயிலே விழாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருமுனை மாடியில் ஒற்றை அறையில் அவர் மட்டும் இருக்கிறார். தனியாக இருக்கிறீர்களே என்று யாராவது இரக்கப்பட்டால் கோபம் வந்துவிடும்.

"யாரு தனியா? வீடு நிறையப் பசங்க இருக்கானுங்க" என்பார்.

அந்தப் பசங்கள் போனுக்குள் இருக்கிறார்கள். தாய்லாந்துப் பையன், கொரியாப் பையன், ஜப்பான், தைவான் என்று ஊர் ஊராக. இரண்டு பையன்கள் ஒருவரை ஒருவர் காதலிக்கிற தொடர்கள். பி.எல். என்று அதற்குப் பெயராம். முதல் தொடரைத் தெரியாமல்தான் தொட்டிருக்கிறார். ஒரே அறையில் தங்கிப் படிக்கிற இரண்டு சிநேகிதர்களின் கதை என்று நினைத்து நாலைந்து பாகம் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது.

"புரிஞ்சதும் நிறுத்தியிருக்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"எப்படி நிறுத்துறது? ஒருத்தன் மழையில நிக்கிறான். குடை இன்னொருத்தன்கிட்ட இருக்கு. மனுஷியா பிறந்தவ அந்த இடத்துல போனை மூடுவாளா?"

அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆளும் அல்ல அவர். ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு உண்டு.

"கையப் பிடிச்சு இழுத்துச் சுவத்துல சாய்க்கிறான், அதுக்குப் பின்னால பாட்டு வேற. எங்க வார்டுல எவனாவது அப்படிச் செஞ்சிருந்தா செக்யூரிட்டி வந்திருப்பான். கேட்டுட்டுத் தொடுறவன்தான் என் பையன்." இது ஒன்று. "அதுல வர்ற பொண்ணுங்களை ஏன் எல்லாரையும் பொல்லாதவளா எழுதுறாங்க? அவளுக்கு வேலை வெட்டி இருக்காதா, எந்நேரமும் ஒட்டுக் கேக்குறா." இது இன்னொன்று. கடைசிப் பாகத்துக்கு முந்தின பாகத்தில் ஜோடி பிரிந்தே தீரவேண்டும் என்று எழுதாத சட்டம் இருக்கிறதாம். அதில் அவருக்குக் கடுங்கோபம். "ஒரு போனைப் போட்டு 'ஏன்டா போன'ன்னு கேட்டா தீர்ந்துபோற சங்கதி. அதைக் கேக்க மாட்டான். விமானம் ஏறிப் போயிடுவான்."

யாரோ சின்னஞ்சிறுசுகள் ஆசைக்குத் தமிழில் வசனம் எழுதிக் கீழே ஓடவிடுகிறார்கள். அந்த நாடுகளில் வயதில் மூத்தவனை அண்ணன் என்கிற மாதிரிதான் கூப்பிடுவார்களாம். பிள்ளைகளும் அப்படியே "அண்ணா" என்று போட்டுவிட்டார்கள்.

"முத்தம் குடுத்துட்டு அண்ணாங்கிறான். எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. மாமான்னு போடு, இல்ல ஒண்ணும் போடாம விடு. குடும்பத்துக்குள்ள குழப்பத்த உண்டாக்காத."

எல்லாவற்றுக்கும் மேலே அவருக்கென்று ஒரு பரீட்சை இருக்கிறது. சலவைப் பிரிவில் ஒரு விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்பார்களாம். ஒருத்தர் தன் முனையோடு மற்றவரிடம் நடந்து வரவேண்டும். அடுத்த மடிப்புக்கு மற்றவர் நடக்கவேண்டும். "ஒருத்தியே நடந்துட்டிருந்தா அந்த ஜோடி வேலைக்கு ஆகாது. இந்தப் பசங்களும் அப்படித்தான். எவன் நடக்கிறான், எவன் நின்ன இடத்துலயே நிக்கிறான்னு பார்ப்பேன். ரெண்டாவது பாகத்துலயே தெரிஞ்சுடும்."

இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, மருமகளின் விடுமுறை முடிகிறவரை. அவள் வேலைக்குப் போனால் பகலில் குழந்தையைச் சம்பந்தியம்மா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. என் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவன், ஏணி ஏறி ஏறி முட்டி தேய்ந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு வாரம் குழந்தையை அங்கே விட்டோம்.

அந்த வாரத்தில் ஒருநாள் என் மகன் சீக்கிரமாக வேலை முடிந்து நேரே அங்கே போயிருக்கிறான். குழந்தை பாட்டி தோளில். போன் ஒரு டப்பாமேல் சாய்ந்து நிற்கிறது. திரையில் இரண்டு முகங்கள் ஒட்டப்போகிற நேரம். சம்பந்தியம்மா சத்தமாக, "வேணாம்டா, அவன் உன்னைக் கேக்கவே இல்ல" என்று புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகன் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். முகம் சுண்டியிருந்தது.

"அப்பா, இனிமே பாப்பா அங்க வேணாம். அத்தை அந்தக் கண்றாவிய விடட்டும், அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் நீங்க பாத்துக்கங்க."

"நீயே சொல்லேன் அத்தைகிட்ட."

"எனக்கு அவங்க மாமியார்ப்பா. உங்களுக்குச் சம்பந்தி. நீங்க சொன்னா மரியாதையா இருக்கும்."

மருமகள் குழந்தையின் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள், தேவைக்கு அதிகமாக இழுத்து இழுத்து.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது. பேத்தி நாள் முழுக்க எனக்கு. போகிற வழியிலேயே சம்பந்தியம்மாவுக்கு ஆறுதல் சொல்ல நாலு வார்த்தை தயார் செய்துகொண்டேன்.

நான் போனபோது அவர் கட்டிலில் குழந்தையின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலத் துணிக்குக்கூட ஆஸ்பத்திரி மடிப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். மடிக்கிற கை நிற்கவில்லை.

"நீங்க ஒண்ணாவது முழுசாப் பாத்திருக்கீங்களா சம்பந்தி?"

"இல்ல."

"அப்ப உக்காருங்க. பாத்துட்டு வந்து கண்றாவின்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். அவர் வசனத்துக்கு வசனம் நிறுத்தி, தானே இரண்டு குரலில் வாசித்தார். ஒரு பேக்கரியில் வேலை செய்கிற ஏழைப் பையன், பக்கத்துக் கட்டிடத்தில் படம் வரைகிற ஒரு முசுடு.

"ஏழைங்கிறான், சுவத்துல மூணு கோட்டு அடிச்சிருக்கான். நல்ல பெயிண்டு" என்றேன்.

"அதான பாத்தேன். உங்களுக்கும் கண்ணு போகுதில்ல."

"சரி, இதுல யாரு புருஷன், யாரு பொண்டாட்டி?"

"உங்க வீட்ல யாரு?" என்று திருப்பிக் கேட்டார். சம்பளக் கவர் முதல் சாவிக்கொத்துவரை யோசித்துப் பார்த்துவிட்டு அடுத்த வசனத்தை வாசிக்கச் சொன்னேன்.

வெளிச்சம் ஜன்னலை விட்டுப் போகும்வரை பார்த்தோம். நடுவில் பேக்கரிப் பையன் தன் அப்பாவிடம் காதலைச் சொல்லப் போகிறான். கதவுவரை வந்துவிட்டு, மாவு வாங்கத்தான் வந்தேன் என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறான். எனக்கே 'சொல்லிடுடா' என்று வாய்வரை வந்துவிட்டது. அதைக் காட்டாமல், வந்த வேலையைப் பார்ப்போம் என்று பேச்சை எடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாப்பாவுக்காகக் கொஞ்ச நாளைக்கு விட்டுடக் கூடாதா? அவன் கௌரவமும் போகாது, உங்களுக்கும் பேத்தி கிடைப்பா."

சம்பந்தியம்மா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பாப்பாவுக்காகத்தான் பாக்குறேன்னு கதை விட மாட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு, பாக்குறேன். அவ முழிச்சிருந்தா என்னைப் பாக்க விடவும் மாட்டா, அது வேற. ஆனா ஒண்ணு கேளுங்க. அவ வளந்து ஒருநாள் மனசுல யாரையோ வச்சுக்கிட்டு முகம் வாடி நிப்பா. பையனோ, பொண்ணோ, யாரு கண்டா. அன்னைக்குக் கண்றாவின்னு பேசின வீட்டுக் கதவையா தட்டுவா? இங்கதான் வருவா. நான் இன்னைக்கு இதை ஒளிச்சு வச்சா, அன்னைக்கு அவளும் ஒளிச்சு வச்சுப்பா. பேத்திய குடுக்க மாட்டேன்னா குடுக்க வேணாம். வாசல்ல நின்னு பாத்துட்டுப் போறேன். இதை விட்டுட்டேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

குரல் இறங்கவே இல்லை. மடித்த துணிகளை ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "பாப்பாவுக்கு வேணும், எடுத்துட்டுப் போங்க."

பையோடு தெருவில் நடந்தேன். நடக்க நடக்க ஒரு காட்சி கண்ணில் வந்தது. பேத்தி வளர்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். என் வீட்டு வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னைத் தாண்டித் தெருமுனை மாடிக்கு ஓடுகிறாள். நியாயம், பெருந்தன்மை எல்லாம் அப்புறம். எனக்கு முதலில் வந்தது பொறாமை.

வீட்டில் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"சொன்னேன். பாப்பா அங்கதான் இருப்பா. நானும் பகல்ல அங்கதான்."

"நீங்க எதுக்கு?"

"பேக்கரிப் பையன் அவங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல. என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

"விளையாடாதீங்கப்பா."

"விளையாடல. நீ பதினொண்ணாவதுல ஃபெயிலானப்ப யார்கிட்ட முதல்ல சொன்ன?"

"சித்தப்பாகிட்ட."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் தட்டைப் பார்த்தான். "அடிப்பீங்கன்னு" என்று அவன் சொல்ல வேண்டியதில்லை, இருவருக்கும் தெரியும்.

"உன் பொண்ணு மனசுல எதையாவது தூக்கிக்கிட்டு வந்தா என்னைத் தாண்டிப் போகக் கூடாதுடா. உன்னையும் தாண்டிப் போகக் கூடாது. அத்தைகிட்ட மட்டும் போனா அது நமக்கு அவமானம்."

மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அந்தக் கண்றாவியப் பாக்குற அம்மாதான் என்னை வளத்தாங்க. நான் கெட்டா போயிட்டேன்?"

மகன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தூங்குகிற குழந்தையைப் பார்த்தான். மூன்று பக்கமும் ஆள் நிற்கிறது.

"பாப்பா முழிச்சிருக்கும்போது வேணாம். அவ்வளவுதான் நான் கேக்குறது."

"அதை அவங்களே சொல்லிட்டாங்க" என்றேன்.

அவன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன். இன்னும் அந்த அறைக்கு வந்தால் போனைப் பார்க்காமல் காலண்டரைப் பார்க்கிறான். ஆனால் காலையில் வேலைக்குப் போகும்போது குழந்தையை அவனேதான் தூக்கிக்கொண்டு போய் மாமியார் கையில் கொடுக்கிறான். போன வாரம் கொடுத்துவிட்டு வாசலில் நின்று, "அந்தப் பேக்கரிக்காரன் சொல்லிட்டானா?" என்று கேட்டானாம். சம்பந்தியம்மா, "நீங்களே பாத்துத் தெரிஞ்சுக்கங்க மாப்ள, நான் கதை சொல்ல மாட்டேன்" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கும் அவருக்கும்தான் இப்போது தகராறு. ஒருத்தர் மடியில் தூங்குகிற பேத்தி, ஒருத்தர் கையில் போன், ஒரு பாகம் முடிந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. குழந்தை அவர் மடியில் இருக்கும்போது மட்டும் பாகம் முடிவதே இல்லை. பெயர்ப்பட்டியல் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, கேட்டால், "இருங்க சம்பந்தி, இதுவும் கதைதான்" என்கிறார்.