விருந்து நடத்தும் மீரிமின் இரண்டாவது பிரசவம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மீரிமுக்குப் பிழைப்பே வாய்தான். கரகோல் நகரத்தைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்தில் விருந்து நடந்தாலும் மைக் அவள் கையில் இருக்கும். யார் முதலில் வாழ்த்துவது, எந்தச் சம்பந்தியை எந்தச் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக்கூடாது, பேச்சு முற்றிக் கைகலப்பாகும் முன் எந்தப் பாட்டைப் போடுவது, எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வாழ்த்தை முடிக்காமல் இழுத்துக்கொண்டே போனார். மீரிம் மைக்கில், "பெரியப்பா, சீக்கிரம் முடிங்க, மாப்பிள்ளைக்கு நரைக்குது" என்றாள். கூடாரமே குலுங்கியது. அந்தப் பெரியப்பாதான் தன் வீட்டு அடுத்த விருந்துக்கும் அவளையே கூப்பிட்டார்.

இப்படி ஊரையே சிரிக்க வைப்பவளுக்கு ஒரே ஒரு பேச்சு வந்தால் மட்டும் வாய் கட்டிப்போகும். மூத்தவன் எப்படிப் பிறந்தான் என்கிற பேச்சு.

அவன் வயிற்றுக்குள் தலைகீழாகத் திரும்பாமல், ராஜா மாதிரி குண்டியைக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தான். அறுவை செய்துதான் எடுத்தார்கள். அது தப்பு என்று மீரிம் ஒருநாளும் சொன்னதில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறான். ஆனால் அன்றைக்கு அவளைப் படுக்க வைத்து, அவள் தலைக்கு மேலே மாமியார், புருஷன், டாக்டர் மூன்று பேரும் பேசி முடித்தார்கள். விருந்தில் யார் எப்போது பேச வேண்டும் என்று தீர்மானிக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதோடு போனதா? மாமியார் ஜூரா பேரனுக்குப் பட்டப்பெயரும் வைத்துவிட்டாள்.

"வாசல் இருக்கும்போது ஜன்னல் வழியா வந்த பய" என்பாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

கேட்கிற பெண்கள் சிரித்துவிட்டு, அடுத்ததாக மீரிமின் ஓரகத்தி புருல் புகழைப் பாடுவார்கள். புருலுக்கு நாலு பிள்ளைகள், நாலும் வாசல் வழி. ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் பெற்றுவிட்டு, ரொட்டி கருகுவதற்குள் திரும்பி வந்தவள் என்று ஊரில் பேச்சு. புருல் அதை இல்லை என்றும் சொல்லமாட்டாள், ஆமாம் என்றும் சொல்லமாட்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். திமிர் என்று மீரிம் முடிவு கட்டியிருந்தாள்.

இரண்டாவது உண்டாகி எட்டாம் மாதம் ஆனதும் மீரிம் ஒரு தீர்மானத்தோடு டாக்டர் ஐனுராவிடம் போனாள். இந்தத் தடவை வாசல்தான். மாமியார் வாயை அடைக்க வேறு வழி இல்லை.

டாக்டர் பழைய தழும்பைப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "நீ என்ன நினைக்கிறே?" என்றாள்.

மீரிம் பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரைக் கேட்கிறாள் என்று.

"உன்னைத்தாம்மா கேக்கிறேன்."

"என்னையா? எனக்கு என்ன தெரியும் டாக்டரம்மா?"

"தெரியாததை நான் சொல்றேன். தழும்பு நல்ல இடத்துல இருக்கு, பிள்ளை தலை கீழே இருக்கு. நீயே பெத்துக்க வாய்ப்பு நிறையவே இருக்கு. ஆனா ஆயிரம் பேர்ல நாலஞ்சு பேருக்குப் பழைய தையல் பிரிஞ்சிடும். பிரிஞ்சா ஆபத்து, ஒரு நிமிஷம் தாமதிக்க முடியாது. அதனால ஆபரேஷன் அறை பக்கத்துல இருக்கணும், பிள்ளை துடிப்பைக் காட்டுற மெஷின் மாட்டியே இருக்கணும். முன்னாடியே தேதி குறிச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம், அதுவும் நல்ல வழிதான். அதுல என்ன கஷ்டம்னு உனக்கே தெரியும்."

மீரிமுக்குத் தெரியும். போனதடவை மாதக்கணக்கில் பால் கறக்க முடியவில்லை, வாளி தூக்க முடியவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, சிரிக்க முடியவில்லை. சிரித்தால் தையல் சுண்டி இழுக்கும். அவளுக்கு அது குதிரையின் காலைக் கட்டிப்போட்டது போலத்தான்.

அதற்குப் பிறகு மீரிம் காலையில் வாசல் என்பாள், மத்தியானம் ஜன்னல் என்பாள். பஸ்ஸில் கேட்பாள், சந்தையில் கேட்பாள், குளியல் கூடத்தில் சோப்பு நுரையோடு நிற்கிற பெண்களைக் கேட்பாள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருத்தி வாசல் வழிப் பெற்று மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு தோண்டினாளாம். இன்னொருத்தி ஆபரேஷன் முடிந்த கையோடு உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டாளாம். எல்லோர் பேச்சையும் கேட்டு மீரிமுக்குத் தலை சுற்றியது, ஆனால் அவளுக்கு அதில் ஒரு குஷியும் இருந்தது. தராசு முதல்முறையாக அவள் கையில் இருந்தது அல்லவா? கடைசியில் டாக்டரிடம், "முயற்சி பண்றேன்" என்றாள். "முடியலைன்னா?" என்றாள் டாக்டர். "முடியலைன்னா அப்பவும் என்னையே கேளுங்க." சரி என்றாள் டாக்டர்.

வலி வந்த அன்று அவள் ஒரு விருந்தில் மைக்கோடு நின்றாள். குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதன் இரண்டு காலையும் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி, ஓட்டப்பந்தயம் வைத்து, ஜெயித்தவர் ஓடிவந்து கயிற்றை அறுக்கும் விழா. பையன்கள் ஓடினார்கள், அடுத்துப் பெண்கள் ஓட வேண்டும்.

"எங்க வீட்டு வீராங்கனை எங்கே?" என்றாள் மீரிம் மைக்கில். "புருல் அக்கா! ரொட்டி கருகுறதுக்குள்ள ஓடி வர்றவங்க நீங்கதானே? வாங்க, ஓடுங்க!"

கூட்டம் கை தட்டியது. புருல் முகம் சிவந்து, "எனக்கு முட்டி வலி" என்று முணுமுணுத்து, கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மீரிமுக்கு அந்த நேரம் பார்த்து இடுப்பிலிருந்து ஒரு வலி சுற்றிக்கொண்டு வந்தது. அவள் காலையிலிருந்தே வந்து வந்து போன வலியை யாரிடமும் சொல்லவில்லை. மைக்கை விட மனம் இல்லை. "எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தினாள், கத்தின கத்தலில் பெண்கள் நிஜமாகவே பயந்து ஓடினார்கள். குழந்தையின் கயிறு அறுந்தது. அது இரண்டு எட்டு வைத்துப் பொத்தென்று உட்கார்ந்தது. மீரிமும் உட்கார்ந்தாள்.

அப்புறம் என்ன, அமளிதான். புருஷன் தஸ்தான் காரைக் கொண்டுவந்தான். புருல் ஓடி வராமல் வேகமாக நடந்து வந்து பின்சீட்டில் மீரிமோடு ஏறிக்கொண்டாள். வீட்டில் இருந்த ஜூராவுக்குப் போன் போனது. பிரசவ வலி என்றால் எங்கள் பக்கத்தில் பூட்டினது எதுவும் பூட்டியே இருக்கக்கூடாது, கட்டினது எதுவும் கட்டியே இருக்கக்கூடாது. அப்போதுதான் பிள்ளைக்கு வழி திறக்கும். ஜூரா பெட்டிகளைத் திறந்தாள், அலமாரி, ஜன்னல், கோழிக்கூடு, வெளிக்கதவு எல்லாம் திறந்தாள். திறந்த கையோடு போனிலும் உத்தரவு போட்டாள்.

"அவ சடையைப் பிரிச்சிட்டியா புருல்? கார் டிக்கி திறந்திருக்கா?"

"ஓடுற வண்டியில எப்படிம்மா டிக்கியைத் திறக்கிறது?" என்றான் தஸ்தான்.

"பிள்ளை முக்கியமா, டிக்கி முக்கியமா? திறடா! உன் பெல்ட்டையும் கழட்டு!"

இரண்டையும் செய்தான். டிக்கி வாயைப் பிளந்துகொண்டு ஆட, கார் ஏரிக்கரைச் சாலையில் பறந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் விளக்கை அடித்து அடித்துக் காட்டினான். டிக்கியில் வைத்திருந்த குழந்தைத் துணிகள் ஒவ்வொன்றாக அவனுக்கு முன்னால் பறந்தன.

மீரிம் ஒரு வலி முடிந்து மூச்சு வாங்கினாள். "அக்கா, லாரிக்காரர் நமக்கு வாழ்த்துச் சொல்ல வர்றார் போல. மைக் குடுக்கலாமா?"

புருல் சிரித்தாள். உடனே இரண்டு கையாலும் மடியை அழுத்திக்கொண்டு, "ஐயோ, பேசாதடி! வண்டியை நிறுத்துடா தஸ்தான்!" என்று அலறினாள்.

"என்னக்கா? எனக்குத்தானே வலி?"

"எனக்கு... நீ காதை மூடிக்கடா!"

"ரெண்டு கையும் ஸ்டியரிங்கில இருக்கு அண்ணி."

"அப்ப கேட்டுத் தொலை. மூணாவது பிறந்ததுலேருந்து எனக்குச் சிரிச்சா ஒழுகுதுடி. தும்முனா ஒழுகுது. ஓடினா கேக்கவே வேண்டாம். நீ மைக்கைப் பிடிச்சாலே நான் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடணும். எத்தனை விருந்துல பாதி ஜோக்கு கேக்காம போயிருக்கேன் தெரியுமா? சனியனே, உனக்கு இவ்ளோ நல்லா பேச வரணுமா?"

மீரிம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் திமிர் என்று நினைத்தது இதுவா? வெட்கமும் பாசமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன.

"தையல் போட்டாச் சிரிக்க முடியாதுன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேனேக்கா."

"போடலைன்னாலும் சிரிக்க முடியாதுடி!"

அதற்கு இருவரும் சிரித்த சிரிப்பில் கார் கண்ணாடி அதிர்ந்தது. புருல் அடக்குவதை விட்டுவிட்டாள். ஒருத்திக்கு வலி, ஒருத்திக்குச் சீட்டு நனைந்தது, இருவர் கண்ணிலும் தண்ணீர். "டாக்டரம்மாகிட்ட இதையும் சொல்லணும்க்கா, இதுக்கும் வைத்தியம் இருக்கும்" என்றாள் மீரிம். ஆஸ்பத்திரி வாசலில் தஸ்தான் ஒரு கையில் பையும் ஒரு கையில் அவிழ்கிற கால்சட்டையுமாக இறங்கினான்.

உள்ளே போனதும் விளையாட்டு குறைந்தது. மெஷின் மாட்டினார்கள். பிள்ளையின் இதயம் குதிரை ஓடுவது போல டக்டக்கென்று கேட்டது. மீரிம் நடந்தாள், கட்டிலைப் பிடித்துத் தொங்கினாள், கத்தினாள், நடுநடுவே நர்ஸைச் சிரிக்க வைத்தாள். வழி பாதிக்கு மேல் திறந்தது. அப்புறம் நின்றுவிட்டது. பொழுது சாய்ந்தது, வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. பிறகு குதிரை ஓட்டம் ஒரு வலியில் மெதுவானது, அடுத்த வலியிலும் மெதுவானது.

ஐனுரா மெஷின் துப்பிய காகிதத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "மீரிம், கேளு. துடிப்பு இறங்குது. திரும்ப ஏறுது, ஆனா தாமதமா ஏறுது. எனக்கு இது பிடிக்கலை. ஆபரேஷன்தான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். ஆனா உன்கிட்ட கேக்கிறேன்னு சொல்லியிருக்கேன். சொல்லும்மா."

அறையில் இருந்த எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். மீரிமுக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இன்னும் கொஞ்சம்தானே என்று உடம்பு கெஞ்சியது. ஜன்னல், ஜன்னல் என்று மாமியார் குரல் காதில் விழுந்தது. அதையெல்லாம் தாண்டி மெஷினில் அந்தக் குதிரை மறுபடி தயங்கியது. அதற்கு மேல் அவள் எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை.

"டாக்டரம்மா," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க வீட்டுல பெட்டி, கதவு, கார் டிக்கி, என் புருஷன் பெல்ட் வரைக்கும் திறந்தாச்சு. மிச்சம் இது ஒண்ணுதான். திறங்க."

நர்ஸ் சிரித்துக்கொண்டே கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

பெண் குழந்தை. வெளியே வந்ததும் அம்மாவுக்கு மைக் தேவையில்லை என்று நிரூபிப்பது போலக் கத்தியது. மீரிம் விழித்தபடியே அதைப் பார்த்துச் சிரித்தாள். ஊசியால் மார்புக்குக் கீழே மரத்துப்போயிருந்ததால் முகம் மட்டும்தான் சிரித்தது, ஆனால் அது நிற்கவே இல்லை. இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு புருல் மாமியாருக்குப் போன் போட்டாள். "நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன் அத்தை! சேதிக்கு என்ன பரிசு தருவீங்க?"

"என்ன வேணும்னாலும் எடுத்துக்க!" ஜூராவுக்கு மூச்சு இரைத்தது. திறந்த கதவு வழியாக ஆடெல்லாம் பக்கத்து வீட்டு உருளைக்கிழங்கு வயலுக்குப் போய்விட்டன, அவள் கம்போடு நடுவயலில் நின்றாள். "என்ன பிள்ளை?"

"பொண்ணு. ரெண்டு பேரும் சுகம்."

"ஆண்டவனுக்கு நன்றி. வாசலா, ஜன்னலா?"

புருல் திரும்பி மீரிமைப் பார்த்தாள்.

"மறுபடியும் ஜன்னலா? ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறந்துட்டு நான் ஆட்டுக்குப் பின்னாடி ஓடுறேன், அங்க வெட்டிட்டாங்களா? யாரு வெட்டச் சொன்னது? தஸ்தானா? அந்த டாக்டரா? அவகிட்ட போனைக் குடு!"

மீரிம் கையை நீட்டினாள். "இங்க குடுங்கக்கா."

போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "நான் சொன்னேன் அத்தை."

"என்னது?"

"டாக்டர் என்னைக் கேட்டாங்க. நான்தான் சொன்னேன்."

 அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்தியது, ஜூரா அதை விரட்டவில்லை. பிறகு, மீரிம் அதுவரை கேட்டறியாத ஒரு சின்னக் குரல் வந்தது.

"உன்னைக் கேட்டாங்களா?"

"ஆமா அத்தை."

"நான் ஆறு பெத்தேன்டி. ரெண்டு தங்கலை. ஒருநாளும், ஒருத்தரும், என்னை ஒண்ணும் கேட்டதில்ல." ஜூரா கம்பை ஊன்றி நின்றாள். "எப்படிக் கேட்டாங்க? சொல்லு."

மீரிம் சொன்னாள். டாக்டர் குனிந்து முகத்தைப் பார்த்ததை, எல்லோரும் காத்துக்கொண்டு நின்றதை, தான் சொன்ன பதிலை. ஜூரா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"திரும்பச் சொல்லு," என்றாள்.