ஹார்ட் டிஸ்க் வருவதற்குள் முடிந்த நல்ல நேரம்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று முதலில் நம்பிய ஆள் நான்தான். மற்றவர்கள் என்னைப் பார்த்து நம்பினார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இல்லாத ஃபோல்டர் ஒன்றைப் பற்றி "எல்லாம் பக்காவா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுக் கேசரி தின்றவன் நான். இரண்டாவது தட்டு கேட்டு வாங்கித் தின்றேன். அதனால் ஒரு பெண்ணுக்கு அவள் அப்பாவின் படம் இல்லாமல் போனது.

கேசரி கொடுத்தவர் சோழவந்தானில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கூடப் பிறக்கவில்லை, பழக்கத்தில் அண்ணன். கல்யாண வீட்டார் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று அவர் கேட்டார். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் என் ஆபீஸ். முதலாளி, தொழிலாளி, கூட்டுகிற ஆள் எல்லாம் நானே. எழுதிக் கொடுத்தேன்.

அதைக் கன்டெய்னரில் போட்டிருந்தேன். கன்டெய்னர் என்பது புரோகிராம் குடியிருக்கும் ஒரு மூடிய பெட்டி. பெட்டி போனால் உள்ளே உள்ளதும் போச்சு. அதனால் படங்கள் அங்கே தங்காமல் வெளியே ஒரு ஃபோல்டரில் போய் விழும்படி ஒரு வழி திறந்துவிடுவோம். மவுண்ட் என்று பேர். என் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ், அங்கே ஒழுங்காக நடந்தது. அண்ணனுடையது விண்டோஸ். அதில் இந்தப் பெட்டி நேரடியாக உட்காராது. யார் கண்ணிலும் படாமல் உள்ளே ஒரு குட்டி லினக்ஸ் ஓடும், அதற்குள்தான் உட்காரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

ஆரம்பிக்கிற அன்று, படங்கள் போய்ச் சேர வேண்டிய ஹார்ட் டிஸ்க் ஆல்பம் அச்சடிப்பவரிடமிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. அண்ணன் காலண்டரைப் பார்த்தார்.

"மாப்ள, நல்ல நேரம் முடியப் போகுது. ஆரம்பிச்சு விடு. டிஸ்க் வந்ததும் மாட்டிக்கிருவோம்."

"டிஸ்க் இல்லாம எப்படிண்ணே?"

"புது வீட்டுல பால் காய்ச்சுறப்ப சாமான் சட்டியெல்லாம் வந்துருதா? ஆரம்பிப்பா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஓடவிட்டேன். எர்ரர் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கேட்ட இடத்தில் ஃபோல்டர் இல்லையென்றதும் அந்தக் குட்டி லினக்ஸ் வாயைத் திறக்காமல், அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டரைத் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டது. திரையில் பச்சை விளக்கு. டிஸ்க் வந்தது, அண்ணன் மாட்டினார். அதில் என்ன விழுகிறது என்று ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். கையில் கேசரி இருந்தது.

அடுத்து அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். படங்கள் ஏறின, திரையில் தெரிந்தன. அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டுமென்று அண்ணன் கேமரா கார்டுகளை அழித்துவிட்டார். பிறகு ஒருநாள் சாஃப்ட்வேர் நின்றுபோக, எனக்குப் போன் போட்டார். நான் டீக்கடையில் இருந்தேன்.

"ரீசெட்னு இருக்கும் பாருங்கண்ணே, அதை அமுக்குங்க. படமெல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கு."

அமுக்கினார். குட்டி லினக்ஸும் அதன் வயிற்றில் இருந்த கல்யாணமும் சேர்ந்து போயின. அது தெரியாமல் நான் இன்னொரு டீ சொன்னேன்.

அந்த வாரமே கல்யாணப் பெண்ணின் அப்பா நெஞ்சு வலியில் இறந்துபோனார். கல்யாணத்தன்று மனுஷர் பந்தியை விட்டு நகரவே இல்லையாம். சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் மேடை இருந்தது, அவர் இல்லை. அண்ணன்தான் சாம்பார் வாளியோடு நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, மகள் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தார். சட்டம் போட்டு மாட்ட அந்தப் படத்தைத்தான் பெண் கேட்டாள்.

டிஸ்க்கில் ஒரு படமும் இல்லை என்று அண்ணன் போன் போட, ஸ்டுடியோவுக்கு ஓடினேன். விண்டோஸில் ஃபோல்டர் பாதைக்குக் கோடு ஒரு பக்கம் சாயும், லினக்ஸில் மறுபக்கம் சாயும். அதை மாற்றிப் பார்த்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்தேன். அனுமதிகளைத் திறந்துவிட்டேன். டிஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன்.

"என்ன மாப்ள, பேய் ஓட்டுறியா?" என்றார் அண்ணன். அப்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் எனக்கு உறைத்தது. வழி எங்கே திறக்கும் என்பது ஓடவிடும்போதே முடிவாகிவிடும். பிறகு டிஸ்க்கை மாட்டினால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு படம்கூட டிஸ்க்கைத் தொட்டதே இல்லை. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் இரண்டைப் போட்டேன். வந்தவை சாம்பல் நிறப் பட்டைகள், பாதி வாழையிலை, யாருடையதோ ஒரு வளையல் கை. விஷயத்தைச் சொன்னேன், அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அந்த வித்தைதான் எனக்கு உருப்படியாக வரும்.

"அந்தப் பிள்ளைட்ட நீயே சொல்லிரு. என்னால ஆகாது."

போன் போட்டேன். விண்டோஸ், லினக்ஸ், மவுண்ட் என்று அவளிடம் சாஃப்ட்வேரை விற்கிறவன் மாதிரி விளக்கினேன்.  அவளுக்குப் பின்னால் மாடு கத்துவது கேட்டது. கடைசியில், "வீட்டுல அவரோட படம் எம்புட்டுச் சின்னதா இருந்தாலும் குடும்மா. பெருசாக்கி, நானே சட்டம் போட்டுக் கொண்டு வாரேன்" என்றேன்.

"ஆதார் கார்டுல இருந்ததையே மாட்டியாச்சுண்ணே."