பகலில் தூங்கும் வீடு

சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஸ்கெலட்டன் லைனில் ஜூடித்தின் வீடு பகலெல்லாம் மூச்சு விடாது. ஜன்னலில் கம்பளி, கதவிடுக்கில் பழைய துணி. குக்கர் விசிலடிக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவாள். உள்ளே கணவன் லாய்ட் தூங்குவான். அவனுக்கு பாக்டரியில் நைட் ஷிப்ட், பிரஸ் மெஷினில் தகடு வைத்து எடுக்கிற வேலை. கண் சொருகினால் விரல் போய்விடும்.

சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகியும் அந்த லைன் வீடுகளை விட்டு இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. நைட் ஷிப்ட் ஆள் படுத்திருக்கும் வாசலில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. கீரைக்காரிகூட அந்த வீட்டைத் தாண்டிய பிறகுதான் கூவுவாள். ஜூடித்தும் சுரங்கக்காரர் மகள்தான். குசுகுசுவென்று சண்டை போடக் கற்றுக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கே போனாள்.

அந்த வீட்டில் பிறந்த பிள்ளை ஆர்தர். பகலில் அப்பன் பக்கத்தில் சிணுங்காமல் கிடப்பான். பால் கொடுக்க எழுப்புவதற்கே பாதத்தைச் சுரண்ட வேண்டும். "தங்கமான கொயந்தமே!" என்று பக்கத்து வீட்டு லூயிசா மெச்சினாள். ஜூடித்துக்கும் பெருமைதான். அந்தப் பெருமை பொழுது சாயும் வரைக்கும்தான்.

லாய்ட் வேலைக்குப் போனதும் ஆர்தர் ஐயா விழித்துக்கொள்வார். அழ ஆரம்பித்தால் விடிகிற வரை ஓயமாட்டார். பால், தூளி, தோள், ஜெபம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். பகலில் அவளும் தூங்கலாமே என்பீர்கள். துணி யார் துவைப்பது? தண்ணீர் யார் பிடிப்பது? தாயும் இல்லாதவள் அவள்.

ஒரு ராத்திரி பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "தூங்கித் தொலடா!" என்று கத்தினாள். கை இறுகியது. உலுக்கிவிடப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. அவனைப் பாயில் கிடத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவளுக்கு அவள் மேலேயே பயம்.

"இன்னாமே, மன்சாள தூங்க வுட மாட்டியா?" என்று வந்த லூயிசா, அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். ஜூடித் விடியும் வரை அவனைத் தொடவில்லை.

காலையில் லாய்ட் வந்து படுத்தான். ஜூடித் வழக்கம்போல் கம்பளியை இழுத்து மாட்டினாள். ராத்திரி முழுக்க இரண்டு பேரை ஆட்டிவைத்த பிள்ளை, இருட்டு விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையிடம் ஒரு கோளாறும் இல்லை. அப்பனுக்காகப் போட்ட இருட்டில் அவனும் நைட் ஷிப்டுக்குப் பழகிவிட்டான்.

கம்பளியை ஆணியோடு பிடுங்கி எறிந்தாள்.

லாய்ட் துள்ளி எழுந்தான். "ஏய் ஜூடி, இன்னா பண்ற? தூங்காம போனா என் வெரலு போயிடும்!"

"உங்க வெரலத்தாங்க இத்தினி நாளு காப்பாத்திக்கினு இருந்தேன். இந்த இருட்டாலதான் அவன் ராவெல்லாம் முழிச்சிக்கிறான். நேத்து ராத்திரி என் கையே கொயந்தய உலுக்கிக் கொல்லப் பாத்துச்சி."

லாய்ட் பிள்ளையை எடுத்துக்கொண்டு கதவை அகலத் திறந்துபோட்டான். தெருச் சத்தம் மொத்தமும் உள்ளே வந்தது. "நீ படு" என்றான்.

லாய்டை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் ஹார்ன் கேட்டுத்தான் விழித்தாள். சாயங்காலமாகிவிட்டிருந்தது. "ஐயோ, பஸ்சு வந்துடுச்சி! டிபன்கூட கட்டலயே!" என்று பதறினாள்.

லாய்ட் வாசலில் நின்றிருந்தான். கண் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தது. தோளில் பிள்ளை. "இந்தக் கண்ண வெச்சிக்கினு மெஷின்ல நிக்க முடியாது. நாளைக்கி பகல் ஷிப்ட் கேக்கறேன். தரலன்னா வேற வேல தேடிக்கலாம்."

பஸ் இன்னொரு முறை ஹார்ன் அடித்துவிட்டுப் புறப்பட்டது. ஜூடித் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். பாதியில் பயந்து இழுத்துக்கொண்டாள். லாய்ட் அதைப் பார்த்தான். அவள் கையைப் பிடித்து நீட்டி, பிள்ளையை அதிலேயே வைத்தான்.