நாலு ஊக்கு

ரொட்டி சுடுகிறவளின் மூத்த மகளைப் பள்ளியில் கொக்கு என்பார்கள். அத்தனை நீளக் கால். அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவாள், தம்பியைக் கிளப்புவது இவள் பொறுப்பு. காலைப் பயிற்சிக்கு வராதவளுக்கு அணியில் இடமில்லை என்று விளையாட்டு ஆசிரியர் கையை விரித்துவிட்டார். ஓட்டப் போட்டிக்குத் தனியாகவே ஓடுகிறேன் என்று பெயர் கொடுத்தாள். அணித் தோழிகள் இனி முகம் கொடுப்பார்களா என்பதுதான் கவலை.

மைதானத்தில் எண் எழுதிய துணியைக் கொடுத்தார்கள், ஊக்கு கொடுக்கவில்லை. அணிக்கென்றால் ஆசிரியர் கொண்டுவருவார். தனியாக வந்தவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை. எண் குத்தாமல் ஓட விடமாட்டார்கள்.

"என்னடி கொக்கு, எச்சில் தொட்டு ஒட்டப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே அணித் தலைவி தன் எண்ணிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள். அணியின் மற்ற மூவரும் ஆளுக்கொன்று கழற்றினார்கள்.

"சார் திட்டப் போறாருடி," என்றாள் கொக்கு.

"மூணு ஊக்குலயும் துணி நிக்கும். நீ கொஞ்சம் குனி, எட்டல."

ஆசிரியர் திரும்பி நின்று விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தனியாக ஓடியது தப்பென்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், மூன்றாவதாக வந்தாள். மூச்சு வாங்க, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஊக்குகளைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"வச்சுக்கடி," என்றாள் தலைவி. "அடுத்த தடவையும் மறந்துட்டுதான் வருவ."