இடது பக்கக் கார்ப்பெட்டில் ஈரம்

என் பழைய பிக்கப்பில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. இன்று காலை கிள்ளானில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன்.

மெக்கானிக் சிவா இடது பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கினார். பிழியலாம் போல ஈரம்.

"ஹீட்டர் கோர் ஓட்டை, அங்கிள். ரேடியேட்டர் தண்ணி அது வழியாத்தான் ஓடும். ரொம்ப நாளா ஒழுகுது. இந்தப் பக்கம் உட்கார்றவங்க காலு நனையலயா?"

"அந்தப் பக்கம் யாரும் உட்கார்றதில்ல, பாஸ்."

மனைவி தவறிய பிறகு அந்த இருக்கை காலிதான்.

"நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு? ஹோஸ அடைச்சு விட்டுடலாம் லா."

"இல்ல, மாத்திடுங்க," என்றேன். கேமரன் மலைக்குப் போனால் அவளுக்குக் கால் சில்லிட்டுவிடும். அவளுக்காகத்தான் ஹீட்டரே போடுவேன்.

டேஷ்போர்டு முழுவதையும் கழற்றிப் புதிய ஹீட்டர் கோரை மாட்ட மாலை ஐந்தாகிவிட்டது. ஓட்டிப் பார்க்கும்போது சிவா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஹீட்டரைப் போட்டதும் இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. மகளின் பள்ளிக்கூடம், தன் முதுகுவலி என்று அவர் பேசிக்கொண்டே வந்தார்.

வொர்க்‌ஷாப் வாசல் வந்தது. நான் நிறுத்தாமல் இன்னொரு சுற்றுப் போனேன்.

"அங்கிள், எல்லாம் ஓகே தானே?"

"இன்னும் கொஞ்சம் டெஸ்ட் பண்ணணும்."

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது சனிக்கிழமை பத்துமலைப் பக்கம் வேலை இருந்தால் சொல்லுங்கள், நானே ஏற்றிக்கொண்டு போகிறேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தால் போதும். தூங்குகிறவர்கள் பஸ் பிடிக்கவும்.