வீடுகளை விட்டு டேங்கை நகர்த்தியவர்

வைத்தியநாதன் சார் போய்விட்டார் என்று பட்டுக்கோட்டையிலிருந்து அவர் மகள் போனில் சொன்னபோது, "நம்ம தெருவுக்குச் சொல்லணும்மா" என்பதுதான் என் வாயில் வந்தது. அவரை ஒருநாள் உள்ளே விடாமல் துரத்திய தெரு இது. துரத்தியவர்களில் முதல் ஆள் நான்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபின் நம்மூர் மிராசுதார் தவிட்டு எண்ணெய் ஆலை தொடங்கினார். தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்க ஹெக்சேன் வேண்டும். பெட்ரோலைப் போலப் பற்றிக்கொள்ளும் திரவம். சார் அங்கே இன்ஜினியர், மிராசுதாருக்கு உறவும்கூட. நான் பம்ப் ஓட்டினேன். ஆலையின் பின்சுவரை ஒட்டி நம் குடிசைகள். மனைப்பட்டா கேட்டு நாம் போராடிக்கொண்டிருந்த சமயம்.

அந்தச் சுவரோரம் பெரிய ஹெக்சேன் டேங்க் வைக்க மிராசுதார் முடிவு செய்தார். ஆபீஸ் அறையில் சாரின் குரல் உயர்ந்தது. "டேங்க் பக்கத்துல வீடு இருக்கக் கூடாதுங்க." அவ்வளவுதான் கேட்டேன். அதைத் தெருவில் கொண்டுவந்து சேர்த்தேன். மறுநாள் சுவருக்கும் வீடுகளுக்கும் இடையே அளக்க அவர் டேப்போடு வந்தபோது வழி மறித்தோம்.

"எங்களைக் காலி பண்ணத்தானே வந்திருக்கீங்க?"

"இல்லப்பா, நான் சொல்றதைக் கேளுங்க..."

கேட்கவில்லை. யாரோ சேற்றை வாரி வீசினார்கள். சட்டையெல்லாம் சேற்றோடு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார்.

கடைசியில் வந்தது சின்ன டேங்க், அதுவும் ஆலையின் மறுகோடியில். சில மாதங்களில் சாரின் வேலை போயிற்று. நாம்தான் ஜெயித்தோம் என்று நினைத்தோம்.

அடுத்த கோடையில் டேங்க் பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் ஓடித் தப்பினோம். இருந்த கொஞ்சம் ஹெக்சேன் எரிந்து தீர்ந்ததும் நெருப்பு அடங்கியது. நம் கூரைகளில் ஒரு கீற்றுகூடக் கருகவில்லை. அன்று மாலைதான் ஆலைக் கணக்கர், ஆபீஸ் அறையில் நான் கேட்காமல் விட்ட மீதிப் பேச்சைச் சொன்னார்.

"அப்ப குடிசைங்களை எடுத்துடலாம்" என்றாராம் மிராசுதார்.

"எடுக்க வேண்டியது டேங்கைங்க, வீட்டை இல்ல. நெருப்புக்குக் காவல் போடறதைவிட, எரியற சரக்கைக் குறைச்சு வைங்க" என்றாராம் சார். வேலை போனதும் அதனால்தான்.

மன்னிப்புக் கேட்கப் பட்டுக்கோட்டைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் கேட்டது இதைத்தான்: "வீடுங்க எல்லாம் அங்கேயேதானே இருக்கு?"

"இருக்குங்க சார். பட்டாவும் வந்துடுச்சு."

"அப்பாடா" என்றவர் காபி வரச் சொன்னார். காபியைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். பிறகும் பலமுறை போனேன்; சொல்லவே இல்லை.

யார் பேசினாலும் கடைசிச் சொல் வரும்வரை காத்திருக்கும் பழக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. அவரால் வந்தது. அவருக்குத்தான் உதவவில்லை.