பார்க் கியரில் இருந்தும் நகர்ந்த கார்

கருகிய எண்ணெய் வாசனை... அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரி. அந்தப் பழைய காரின் கியர்பாக்ஸுக்கு அடியில் இருந்த தட்டைக் கழற்றியதும் ஷெட் முழுக்க அதுதான்.

ஸ்டீபனும் நானும் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். அவன் தூத்துக்குடிப் பக்கம், நான் சேரப்பணஞ்சேரி. வேலையை விட்டுவிட்டு மண்ணூரில் தகரக் கூரை போட்டு ஒரு ஒர்க்‌ஷாப் ஆரம்பித்திருந்தோம்.

கார், வாலாஜாபாத் டாக்டரம்மா ஒருவருடையது. அவர் கணவர் ஆசையாக வைத்திருந்த வெளிநாட்டு வண்டி. அந்தக் காலத்திலேயே ஆட்டோமேட்டிக். அவர் போன பிறகு சும்மாவே கிடந்து, கியர் விழ அடம்பிடித்தது.

"பொண்ணு கல்யாணத்துக்கு இதுலதான் போகணும்ப்பா. அவங்க அப்பா ஆசை" என்றார்.

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழுவி, புது ஆயில் ஊற்றினோம். இந்த வண்டிகளில் ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். ஹேண்ட்பிரேக் வேறு பிடிக்கவில்லை. பின் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தோம். டாக்டரம்மாவே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுத்தார்.

"பார்க் போட்டுட்டீங்களா மேடம்?"

"போட்டாச்சுப்பா."

காலை எடுத்தார். பார்க்கில் போட்டால் கியர்பாக்ஸே சக்கரத்தைப் பூட்டிவிடும்; வண்டி அசையாமல் நின்றது.

நான் பானெட்டைத் திறந்து, கம்பியை உருவி ஆயில் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கயோ ஒழுகுதுல" என்று ஸ்டீபன் முன் சக்கரத்துக்குப் பின்னால் அடியில் நுழைந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

டக் என்று ஒரு சத்தம்.

வண்டி பின்னால் நகர்ந்தது.

செங்கல் நொறுங்கியது. சக்கரம் அவன் மேல் ஏறப் போகிறது... பார்க்கிறேன், கை கால் அசையவில்லை. குரல் மட்டும் எப்படியோ வந்தது.

"மேடம், பிரேக்கு! பிரேக்க அமுக்குங்க!"

வண்டி குலுங்கி நின்றது. அடியிலிருந்து சத்தமே இல்லை.

"ஸ்டீபா... இன்னா ஆச்சுடா? பேசுடா!"

"சட்ட... சட்ட மாட்டிக்கிட்டுல. காலு தப்பிச்சிட்டு. சாவிய அமத்து மொதல்ல!"

ஜன்னல் வழியாகக் கையை விட்டு இன்ஜினை நிறுத்தினேன். லீவர் அப்போதும் பார்க்கில்தான் இருந்தது. புதுச் செங்கல் வைத்துவிட்டு, டயருக்கு அடியில் சிக்கிய சட்டையைக் கிழித்து அவனை இழுத்தேன்.

டாக்டரம்மா இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வெளிய வந்துட்டான் மேடம். கால எடுங்க."

"முடியலப்பா... கால் வரமாட்டேங்குது."

ஸ்டீபன் பாதிச் சட்டையோடு ஜன்னலுக்குப் போனான். "யம்மா, இங்க பாருங்க. நாந்தான். நல்லாத்தான் இருக்கேன்."

அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழுதார். கால் தானாக விலகியது.

லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தது. மேலே பார்க், உள்ளே அரைகுறை. இன்ஜின் அதிர்வில் ரிவர்ஸுக்கு நழுவியிருக்கிறது. மறுநாள், சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அதை மாற்ற ஸ்டீபனே மறுபடி அடியில் போனான். ஸ்பேனர் இரும்பில் படபடவென்று தட்டுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்யாணத்துக்குக் கார் நன்றாகவே ஓடியது. நாங்கள் கிழிந்த சட்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பயந்தோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இப்போது ஒர்க்‌ஷாப் இல்லை. நான் திரும்பவும் கம்பெனி ஷிஃப்ட்டில். அவன் ஊரோடு போய்விட்டான். போன வாரம் போன் செய்தான். மகள் ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கிறாளாம். சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"அன்னைக்கு செத்துட்டேன்னே நெனச்சேம்ல."

"நானும் அப்படித்தாண்டா நெனச்சேன்."

அப்புறமும் போனை வைக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.